எங்களைத் தாக்க வந்தவர்கள்

கடற்படையில் நான் பார்த்த வேலைக்கு ரேடார் பிளாட்டர் என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் போடியில் யாரிடமாவது சொன்னால், கப்பல் உச்சியில் தொலைநோக்கியோடு நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலை நேரத்தில் எனக்குக் கடலே தெரியாது. ஆப்ஸ் ரூம் என்று நாங்கள் சொல்லும் அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்குகளை மங்கலாக வைத்திருப்பார்கள். காதில் ஹெட்செட், முன்னால் ரேடார் திரை. அதில் விழும் புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் தொழில்.

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு சாரார். கொச்சியில் நேவிகேஷன் அண்ட் டைரக்‌ஷன் பள்ளியில் இருந்த சீஃப்கள் ஒரு சாரார். எங்கள் கப்பலை மூழ்கடிப்பதற்கென்றே பறந்து வந்த நம் விமானிகள் இன்னொரு சாரார். முதல் சாராரை வணங்கி நன்றி சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. இரண்டாம் சாராரில் பெரும்பாலானவர்களின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவர்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

ஒரு போர்க்கப்பல் பெரிய பழுதுபார்ப்பு முடிந்து வெளியே வரும்போதும், ஆட்கள் நிறைய மாறியிருக்கும்போதும், அதை உடனே அணியில் சேர்த்துவிட மாட்டார்கள். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடற்பயிற்சித் தலைமை அதிகாரியின் குழு கப்பலில் ஏறும். ஓரிடத்தில் தீப்பிடித்துவிட்டது என்பார்கள், இன்னோரிடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது என்பார்கள், கேப்டன் இறந்துவிட்டார் என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். அதற்கு நடுவில் விமானங்கள் வரும். எந்த நேரம், எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார்கள். ஏதோ ஒரு நேரத்தில் வரும் என்பது மட்டும் தெரியும்.

நான் மேற்குக் கடற்பகுதியில் இருந்த வருடங்களில் வந்தவை கோவாவின் சீ ஹாரியர்கள். வெள்ளைப் புலிகள் என்று பெயர் பெற்ற 300 ஆம் ஸ்குவாட்ரன். 1983 டிசம்பரில் முதல் மூன்று ஹாரியர்கள் டபோலிமில் இறங்கின, 2016 இல் அந்த வகை விமானங்கள் ஓய்வு பெற்றன. விமானப்படையிலிருந்து கடல் தாக்குதலுக்கென்று மூக்கில் ரேடார் பொருத்திய ஜாகுவார்களும் உண்டு. கப்பல்காரர்களான எங்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் எதிரியின் பெயர்களாகவே காதில் விழுந்தன. அப்படி விழுந்ததுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

விமானம் தாழப் பறந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரை வைத்தே சொல்லலாம். குரங்கணியில் தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கமிருந்து மலை முகட்டைத் தாண்டி இறங்கும். கொட்டகுடி ஆற்றோரம் நிற்பவனுக்கு முகட்டுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு மேகம் திரண்டிருக்கிறது என்று தெரியாது. முகட்டில் தலை காட்டிய பிறகுதான் தெரியும், தெரிந்து காயப்போட்ட மிளகை அள்ளுவதற்குள் சாரல் அடித்துவிடும். கொழுக்குமலையில் நிற்பவன் அதை முன்பே பார்த்துவிடுவான். கடலில் முகடு கிடையாது, ஆனால் பூமியின் வளைவு இருக்கிறது. ரேடார் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவதால் வளைவுக்குக் கீழே இருப்பது அதன் கண்ணில் படாது. கணக்கு எளிது. ஆன்டெனாவின் உயரத்துக்கும் விமானத்தின் உயரத்துக்கும் தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி, 1.23 ஆல் பெருக்க வேண்டும். உயரத்தை அடியில் எடுத்தால் விடை கடல் மைலில் வரும். 80 அடி உயர ஆன்டெனா, 30,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தை 220 கடல் மைலுக்கு அப்பாலேயே பார்க்க முடியும். அதே விமானம் 100 அடிக்கு இறங்கிவிட்டால் 23 மைலுக்குள் வந்த பிறகுதான் தெரியும். 480 நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு 8 மைல். ஆக, கையில் இருப்பது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கடல் மட்டத்துக்கு 15 அடி மேலே வரும் ஏவுகணை என்றால் 16 மைல்தான், அதுவும் ஒலி வேகத்தை ஒட்டி வந்தால் ஒன்றரை நிமிடம்.

அந்த மூன்று நிமிடத்தில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். எங்கள் ரேடார் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று சுற்றும், அதாவது ஐந்து நொடிக்கு ஒரு சுற்று. முதல் சுற்றில் ஒரு புள்ளி விழும். அது அலை நுரையாக இருக்கலாம், பறவைக் கூட்டமாக இருக்கலாம், மீன்பிடிப் படகாக இருக்கலாம். அடுத்த சுற்றில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இன்னொரு புள்ளி. மூன்றாவதும் அதே கோட்டில் விழுந்தால்தான் அது விமானம். அதற்குள் கால் நிமிடம் போய்விடும். பிறகு வாய் திறந்து பேரிங், ரேஞ்ச் சொல்ல வேண்டும். அதிகாரி அதைப் பகை என்று அறிவிக்க வேண்டும், தாக்குதல் கட்டுப்பாட்டு ரேடார் அந்தத் திசைக்குத் திரும்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும், கப்பல் திரும்ப வேண்டும், ஏமாற்றுத் தகடுகளைக் காற்றில் வீசுகிற ராக்கெட்டுகள் தயாராக வேண்டும். நான் ஒரு வார்த்தை தடுமாறினால் அந்தத் தடுமாற்றம் வரிசையில் உள்ள எல்லோரையும் தாண்டிக் கடைசிவரை போகும்.

கணினித் திரைகள் முழுதாக வருவதற்கு முந்தைய காலத்தில் ஆப்ஸ் ரூமில் ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒன்று நிற்கும். கண்ணாடி போலத் தெரியும், உண்மையில் பெர்ஸ்பெக்ஸ். நடுவில் நம் கப்பல், சுற்றிலும் வட்டங்கள், ஓரத்தில் திசை எண்கள். அதிகாரிகள் முன்பக்கம் நின்று பார்ப்பார்கள். பிளாட்டர் பின்பக்கம் நிற்பான். மெழுகுப் பென்சிலால் அவன் எழுதுவது முன்பக்கத்தில் நேராகத் தெரிய வேண்டும் என்பதால் எல்லா எண்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித்தான் எழுதுவான். 2, 3, 5, 7 எல்லாம் திரும்பி நிற்கும். வேகமாக எழுத வேண்டும், கிறுக்கக் கூடாது, பலகைக்கு முன்னால் நிற்பவரின் கண்ணை மறைக்கக் கூடாது. காதில் ஒரு குரல் எண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை முந்தைய எண்ணை எழுதிக்கொண்டிருக்கும். ஓய்வில் இருக்கும்போது பஸ் டிக்கெட்டின் பின்னால்கூட அப்படி எழுதிப் பழகியவர்கள் உண்டு. மெழுகு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டுவரை வரும்.

விமானிகள் எப்படியெல்லாம் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். நேராக வந்து தலைக்கு மேல் பறந்து போவது ஆரம்பப் பாடம். அடுத்தது, ஒரு விமானம் உயரத்தில் தன்னைக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். எல்லாக் கண்களும் அதன்மேல் இருக்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு விமானங்கள் அலையோடு ஒட்டி வரும். சூரியன் அடிவானத்தில் இருக்கும் நேரத்தில் அதன் பக்கமாகவே வந்தால் மேல்தளத்தில் நிற்கும் லுக்கவுட்டுக்குக் கண் கூசும். சில சமயம் தம் ரேடாரை முழுக்க அணைத்துவிட்டு, கடைசியில் சில நொடிகள் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அணைப்பார்கள். அந்தச் சில நொடிகளைத்தான் எங்கள் மின்னணுப் போர்ப்பிரிவு ஆள் பிடிக்க வேண்டும். அவன் கத்தும் திசை, எனக்குத் திரையில் எதுவும் தெரியாத திசையாக இருக்கும். அங்கேயே கண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இன்னும் சில தடவை விமானமே ஏவுகணையாக நடிக்கும். ஒரே வேகம், ஒரே உயரம், வளையாமல் திரும்பாமல் நம் கப்பலை நோக்கி ஒரே கோடு.

விசாகப்பட்டினத்துக்கு மாறிய பிறகு கற்றுக்கொண்டது வேறு பாடம். அங்கே கடலிலிருந்து பார்த்தால் கிழக்குத் தொடர்ச்சி மலை கரைக்கு மிக அருகில் நிற்கும். ரேடார் திரையில் அந்தப் பக்கம் முழுவதும் நிலத்தின் எதிரொலி அப்பிக்கிடக்கும். விமானிகள் கடல் பக்கமிருந்து வருவார்கள் என்று எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மேற்கிலிருந்து வருவார்கள். நிலத்தின் ஒளித்திட்டிலிருந்து ஒரு புள்ளி பிரிந்து கடலுக்குமேல் வரும்போது நேரம் கைவிட்டுப் போயிருக்கும். மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, மலை ஒரு மறைப்பு என்பது புதிய செய்தி இல்லை. ஆனாலும் அது திரையில் நடப்பதைப் பார்க்கும்போது வயிறு இறுகும்.

ஜன்னலில்லாத அறையில் இருப்பவனுக்கு இன்னொரு கொடுமை உண்டு. விமானம் வென்றுவிட்டால் அது அவனுக்குக் காதில்தான் தெரியும். மேலே இரும்புத் தளங்களைத் தாண்டி ஒரு முழக்கம் வந்து, மேசை அதிர்ந்து, ஓய்ந்துவிடும். அறையில் ஒருவரும் பேச மாட்டார்கள். பயிற்சிக் குழுவின் அதிகாரி மட்டும் பலகையில் ஏதோ குறித்துக்கொள்வார். இன்று செத்திருப்போம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒருமுறை வாட்ச் முடிந்திருந்த நேரம், அனுமதி வாங்கிக்கொண்டு பிரிட்ஜ் விங்கில் போய் நின்றேன். கடலும் வானமும் சேரும் இடத்தில் ஒரு கரும்புள்ளி. சத்தமே இல்லை. அது பெரிதாகிக்கொண்டே வந்தது, இறக்கை தெரிந்தது, வாய் பிளந்த காற்றுக் குழாய்கள் தெரிந்தன, அப்போதும் அதன் வேகத்துக்குத் தகுந்த சத்தம் இல்லை. எங்களுக்கு முன்னால் சட்டென்று மூக்கைத் தூக்கி வானத்துக்கு ஏறியது. அதற்குப் பிறகுதான் ஒலி முழுசாக நெஞ்சில் வந்து மோதியது. பக்கத்தில் நின்ற லுக்கவுட் பையன், புதுசு, கையில் பைனாகுலர் வைத்திருந்தும் அதைக் கண்ணுக்குத் தூக்கவில்லை. உறைந்துபோயிருந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. அன்றைக்கே அடுத்த சுற்று வந்தபோது அவன் குரல்தான் முதலில் ஒலித்தது. அந்த உறைதல் முதன்முதலில் நிஜப் போரில் நிகழக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை எரிபொருளும் இத்தனை உழைப்பும்.

முடிந்தபின் வாஷ்-அப் நடக்கும். கப்பலின் பதிவையும் விமானிகளின் பதிவையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது. எந்த ரேஞ்சில் எங்களைப் பிடித்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். நாங்கள் சொல்வோம். நான் அதற்கு முன்பே ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேனே என்பார் ஒருவர். இன்னொருவர், கடைசி ஓட்டத்தில் உங்கள் ரேடார் என்னை விடாமல் பிடித்திருந்தது, என் எச்சரிக்கைக் கருவி கத்திக்கொண்டே இருந்தது, தப்பியிருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொள்வார். வென்றதைப் பெருமையாகச் சொல்லாமலும் தோற்றதை மறைக்காமலும் அவர்கள் பேசிய முறைமேல் எனக்குத் தீராத மரியாதை. கப்பல்காரர்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு விமானி கொஞ்சம் உயரமாகப் பறந்து, சுலபமாகக் கண்ணில் பட்டிருந்தால், எங்களுக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்திருக்கும், வேறொன்றும் கிடைத்திருக்காது.

நம் கடற்படையின் பறக்கும் பிரிவே இந்த வேலைக்காகத்தான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1953 இல் கொச்சியில் சீலாண்ட் விமானங்களோடு தொடங்கியது, கப்பல்களின் பயிற்சித் தேவைகளுக்காகப் பறக்கும் ஒரு பிரிவு. அடுத்து வாங்கிய ஃபயர்ஃபிளை விமானங்கள், கப்பல்கள் சுட்டுப் பழகுவதற்கான இலக்கைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்பவை. ஜெட் வந்த கதையில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. சூலூர் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத்தீயின்போது மலையில் சிக்கியவர்களைத் தூக்க வந்த விமானப்படை ஹெலிகாப்டர்கள் நினைவுக்கு வரும். அந்தத் துயரத்தை நாங்கள் மறக்க மாட்டோம். அதே சூலூரில்தான் கடற்படையின் முதல் ஜெட் பிரிவு வேம்பயர் விமானங்களோடு இருந்தது. 1961 செப்டம்பர் 5 அன்று ஐஎன்எஸ் ஹன்சா என்ற பெயரில் கடற்படை விமானதளம் அங்கேதான் தொடங்கப்பட்டது. கோவா விடுதலைக்குப் பின், 1964 இல்தான் டபோலிமுக்குப் போனது.

விமானங்களின் முன் கப்பல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மட்டக்களப்புக் கடலில் ஒரு சாட்சி கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை அங்கே மூழ்கடித்தன. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். அதே பெயரில் பின்னால் கட்டப்பட்ட இன்னொரு ஹெர்மிஸ் 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் தலைமைக் கப்பல், 1987 இல் நம்மிடம் வந்து விராட் ஆனது. அந்த ஃபாக்லாந்து போரில்தான், மே 4 அன்று, அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எத்தந்தார் விமானங்கள் தாழப் பறந்து வந்து எக்ஸோசெட் ஏவுகணையால் ஷெஃபீல்டை அடித்தன. இருபது பேர் மாண்டார்கள். பக்கத்துக் கப்பலான கிளாஸ்கோ விமானங்களைக் கண்டு எச்சரித்திருந்தது. அதற்கு முன் வந்த பொய் எச்சரிக்கைகளால் அது நம்பப்படவில்லை. எங்கள் வகுப்பில் இதைச் சொன்ன சீஃப், கிளாஸ்கோவில் இருந்த பிளாட்டரின் நிலையை நினைத்துப் பார்க்கச் சொன்னார். நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

பாரசீக வளைகுடாவில் பதினான்கு மாதங்களுக்குள் நடந்த இரண்டு சம்பவங்களை என் தொழிலில் உள்ள எவரும் மறக்க முடியாது. 1987 மே 17, அமெரிக்கக் கப்பல் ஸ்டார்க்கை நோக்கி ஓர் ஈராக்கிய விமானம் வந்தது. கப்பல் அதைப் பகை என்று நினைக்கவில்லை. இரண்டு எக்ஸோசெட்கள் பாய்ந்து 37 மாலுமிகள் இறந்தார்கள். 1988 ஜூலை 3, அதே வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற கப்பல் தன்னை நோக்கி வரும் விமானத்தைப் போர் விமானம் என்று முடிவுகட்டிச் சுட்டது. அது ஈரான் ஏர் பயணிகள் விமானம். 290 பேர், அவர்களில் 66 குழந்தைகள். விசாரணையில் வெளிவந்த ஒரு விவரம் என்னை உலுக்கியது. கப்பலின் கருவிகளில் அந்த விமானம் உயரே ஏறிக்கொண்டிருப்பதாகத்தான் பதிவாகியிருந்தது. ஆப்ஸ் ரூமில் இருந்தவர்கள் அது தங்களை நோக்கி இறங்குகிறது என்று சொன்னார்கள். இயந்திரம் சரியாகச் சொன்னதை மனித வாய் தலைகீழாகச் சொல்லிவிட்டது. பயமும் எதிர்பார்ப்பும் சேர்ந்தால் கண் தான் பார்க்க நினைத்ததைப் பார்க்கும். சுடாமல் விட்டுச் சாவது ஒன்று, சுட்டுக் கொல்லக்கூடாதவர்களைக் கொல்வது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் பிளாட்டர்.

அதனால்தான் கரையில் உள்ள சிமுலேட்டரே போதும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை. சிமுலேட்டரில் நானும் நிறையப் பழகியிருக்கிறேன், அது தேவை. எண்களை வேகமாகச் சொல்ல அது கற்றுக்கொடுக்கும். ஆனால் அதில் வரும் விமானத்தில் உயிருள்ள ஆள் இல்லை என்பது உடம்புக்குத் தெரியும். கடலில் பயிற்சி தொடங்கும்முன் பீரங்கிகளில் குண்டு இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்வார்கள், விமானிக்கு இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்ற உயரமும் இதற்குமேல் நெருங்கக்கூடாது என்ற தூரமும் உண்டு, எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லும் ஏற்பாடு உண்டு. அவ்வளவு கவனம் ஏன்? வருபவன் நம்மவன். நம் கருவிகள் அவனைக் குறிபார்த்தபடி இருக்கின்றன. அந்தக் கனம் அறையில் எல்லோர் தோளிலும் இருக்கும். அதைச் சுமந்துகொண்டே நிதானமாக எண் சொல்லப் பழகுவதுதான் பயிற்சி.

பிரிட்டிஷ் கடற்படையில் பல பத்தாண்டுகளாக ஹன்டர்களும் பிறகு ஹாக் விமானங்களும் தம் கப்பல்கள்மேல் இப்படிப் பாய்ந்துகொண்டிருந்தன. பிளிமத் பக்கம் வாரந்தோறும் நடக்கும் ஒத்திகையை வியாழக்கிழமைப் போர் என்றே அழைப்பார்கள். 2022 இல் அந்தக் கடற்படையின் ஹாக் ஸ்குவாட்ரனைக் கலைத்துவிட்டார்கள். அங்கே இப்போது எதிரியாக நடிக்கும் பணியை ஒப்பந்த நிறுவனங்கள் செய்கின்றன. செலவுக் கணக்கு அவர்களுக்கு. நம்மிடம் விசாகப்பட்டினத்தின் ஐஎன்எஸ் தேகாவில் ஹாக்குகள் இருக்கின்றன. 2020 ஜனவரி 20 முதல் தஞ்சாவூரில் 222 ஆம் ஸ்குவாட்ரனின் சுகோய்-30 விமானங்கள், வானிலிருந்து ஏவும் இரண்டரை டன் பிரம்மோஸைச் சுமக்கும் திறனோடு கடற்போருக்கென்றே நிற்கின்றன. அப்படிப்பட்ட விமானிகள் நம் கப்பல்களைத் தேடி வந்து பயமுறுத்திவிட்டுப் போகிற ஒவ்வொரு மணி நேரமும் நாட்டுக்கு வரவுதான். பறக்கும் நேரத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வரும்போது இதில் கைவைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் உரிமை, திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். 2024 டிசம்பரில் செங்கடலில் அமெரிக்கக் கப்பல் கெட்டிஸ்பர்க் தன் நாட்டு எஃப்-18 விமானத்தையே தவறுதலாகச் சுட்டு வீழ்த்தியது. இரண்டு விமானிகளும் குதித்துப் பிழைத்தார்கள். உலகிலேயே அதிகம் செலவழித்துப் பழகும் கடற்படைக்கு நேர்ந்தது அது.

இப்போது போடியில் கடற்படைக்குத் தயாராகும் பையன்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் குரங்கணிக்கு ஓடிப் பயிற்சி எடுக்க வருவார்கள். அவர்களில் ஒருவன் போன வாரம் கேட்டான்: “பெரியப்பா, ட்ரோன் வந்தா என்ன செய்வாங்க? அதுதான் மெதுவாத்தானே வருது?” நல்ல கேள்வி. எங்கள் காலத்தில் மெதுவாக நகரும் சின்னப் புள்ளிகளைப் பறவை என்று ஒதுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கருவிகளையும் அப்படித்தான் சரிசெய்து வைத்திருந்தோம், வேகமாக வருவதுதான் கொல்லும் என்று. செங்கடலில் கப்பல்களை நோக்கி வந்த ட்ரோன்களில் பல, எங்கள் கணக்கில் பறவைகள். இன்று ஆப்ஸ் ரூமில் உட்காரும் பிளாட்டர், நான் தள்ளிவிட்ட புள்ளிகளையும் விடாமல் பார்க்க வேண்டும், அதே நேரம் மலைப்பக்கத்திலிருந்து பிரிந்து வரும் அந்த வேகமான புள்ளியையும் தவறவிடக் கூடாது. அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். கடற்படைப் பயிற்சிக்குச் சில்காவுக்குப் போக அழைப்பு வந்தால் அங்கே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கூட வந்தவர்களோடு மறுபடி போடி சாலையில் ஓட்டம் எடுத்தான்.